பொட்டு வைத்த போர்டு

அக்காவுக்கும் அத்தானுக்கும் சண்டை நின்று பதினொரு நாள் ஆகிவிட்டது. அதனால் அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறும்போதே, அன்று சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள் தங்கைக்காரி. "அக்கா, என்னால முடியலை." அவ்வளவுதான், மூன்றே சொல். ஆனால் இருபத்தாறு வருடத் தொழிலில் அதை அவள் எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. கடைத்தெருவில் அவளுக்குக் கேரண்டி என்றே பெயர் விழுந்துவிட்டது. வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், இண்டக்ஷன் அடுப்பு, எதன் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டாக இருந்தாலும் சரி, "என் கை பட்ட இடம் திரும்பி வராது" என்று சொல்லித்தான் வாங்கி வைப்பாள். வந்ததும் இல்லை.

அதற்கு அவள் ஒரு முத்திரையும் வைத்திருந்தாள். ஈயம் வைத்து முடித்த ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. ஈரம் இறங்காமல் இருக்க என்று வெளியே சொல்லிக்கொண்டாலும் பாதிக் காரணம் கர்வம்தான். நகத்துக்குப் பூசிக்கொள்ளும் வழக்கமே அவளுக்குக் கிடையாது. வருடத்துக்கு நாலு பாட்டில் போர்டுகளுக்கே தீர்ந்துவிடும். வேறு எந்த மெக்கானிக் ஒரு பெட்டியைத் திறந்து சிவப்புப் பொட்டைப் பார்த்தாலும், "இது கேரண்டி வேலை, இங்க கோளாறு இருக்காது" என்று அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவான். அவளும் அப்படித்தான் தாண்டிப் போவாள்.

இந்த முறை அவளுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது நாற்பது வயதான ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். அத்தான் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. கீபோர்டுதான் கம்ப்யூட்டர், எல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். டி.வி.யில் மாட்டினால் எழுத்து தெரியும், கேசட் பிளேயரில் மாட்டினால் புரோகிராம் ஏறும். பின்பக்கம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பேச்சுப் பெட்டி.

அத்தானுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. முதலில் சில வருடம் நோட்டில் எழுதிக் காட்டிச் சமாளித்தார். பிறகு அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம் வந்து, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது. எழுதுகிறவருக்குக் குரல் இல்லை, படிக்கிறவளுக்குப் பார்வை இல்லாமல் போகப்போகிறது என்று டாக்டர் கைவிரித்த அன்றே, அத்தான் பரணில் கிடந்த அந்தக் கம்ப்யூட்டரை இறக்கித் துடைத்தார். எட்டு மாதம் அதன் முன்னால் உட்கார்ந்தார். பேச்சுப் பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் ஐம்பது அறுபது ஒலித்துண்டுகள்தான். அவற்றைத் துண்டு துண்டாக ஒட்டித் தமிழ் பேச வைக்கும் ஒரு புரோகிராமை அவரே எழுதினார். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு பேசுவதைப்போல ஒரு குரல் வந்தது. அதற்கு ழ வராது. பழமெல்லாம் பளம், மழையெல்லாம் மளை.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஒரு ஹலோவில் ஆளைச் சொல்லிவிடுவாள். அவள் அந்தக் குரலைக் கேட்ட முதல் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் நாளிலிருந்து அதனோடு சண்டை போட ஆரம்பித்தாள். பதினாலு வருடமாக அந்தச் சண்டை ஓயவில்லை. உப்பு, ஜன்னல், மின்விசிறியின் வேகம், யார் முதலில் கதவைத் திறப்பது, எல்லாவற்றுக்கும் சண்டை. அத்தானின் விரல்கள் கீபோர்டில் பறக்கும்; அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் பதில் தயாராக நிற்கும். வெளியிலிருந்து வந்தவர்கள் பயந்துபோவார்கள். அந்த இரண்டு பேரும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பது தங்கைக்கு மட்டும்தான் தெரியும்.

பதினொரு நாளைக்கு முன்னால், ஒரு காரசாரமான கட்டத்தில், பாதி வார்த்தையில் குரல் நின்றது. டி.வி. திரை சாம்பல் நிறமானது. அன்றிலிருந்து மேஜையில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை.

"ரெண்டு தட்டை வச்சுக்கிட்டு ஒரு மனுஷனோட எப்படிடி சண்டை போடுறது?" என்று மூன்றாம் நாள் அக்கா தங்கையிடம் பொருமினாள். "நான் பாட்டுக்கு அரை மணி நேரம் கத்துறேன். கடைசியில ஒரே ஒரு தட்டு. அதுக்கு என்ன அர்த்தம்? நான் சொன்னது சரிங்கிறாரா, இல்ல, போதும் நிறுத்துங்கிறாரா?"

அத்தான் ஒரு தட்டுத் தட்டினார்.

"பார்த்தியா!"

வெளிநாட்டில் இருக்கும் மகள் செய்தி கேட்டு, அத்தானின் போனில் பேசும் செயலி ஒன்றைப் போடச் சொன்னாள். அந்தக் குரலில் ழ தேனாக ஒழுகியது. அக்கா இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "யாரோ ஒரு ஆம்பளை வீட்டுக்குள்ள வந்து நிக்கிற மாதிரி இருக்கு. அந்த ஆளை முதல்ல வெளிய அனுப்பு" என்றாள். அத்தானுக்கும் அது சரிப்படவில்லை. கண்ணாடி மேல் விரலைத் தடவித் தடவி ஒரு வரி எழுதுவதற்குள் அக்கா மூன்று விஷயம் தாண்டிப் போயிருப்பாள்.

முதல் வாரம் அக்கா வழக்கம்போலப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் குறைந்தது. நேற்று கேரண்டி அங்கே இருந்த இரண்டு மணி நேரத்தில் அக்கா வாயிலிருந்து வந்தது மொத்தம் நாலு வார்த்தை. அக்கா வாயடைத்துப் போவது கேரண்டி பிறந்ததிலிருந்து பார்க்காத காட்சி. அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

வேலை என்று பார்த்தால் அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. பெட்டி வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று அத்தான் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக் காட்டிவிட்டதால், தினமும் கடை திறப்பதற்கு முன் இங்கே வந்து சாப்பாட்டு மேஜையிலேயே கடை விரித்தாள். மின்சாரம் ஐந்து வோல்ட் சுத்தமாக வந்தது. இருந்தாலும் பழைய கன்டென்சர்களை மாற்றினாள். நினைவகச் சிப் எட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது கொஞ்சம் அதிகமாகச் சுட்டது. அகப்பட்டான் திருடன் என்று அதை மாற்றினாள். திரை அப்படியே சாம்பலாக நின்றது. ஒன்று போனால் மற்றதும் போயிருக்கும் என்று எட்டையும் மாற்றினாள். சிப்புக்குப் பதினாறு கால். நூற்றிருபத்தெட்டுக் கால்களைச் சுட்டு, உறிஞ்சி, உருவி எடுத்து, சாக்கெட் வைத்துப் புதிதாகச் செருகினாள். பொட்டு மட்டும் வைக்கவில்லை. ஓடாத போர்டுக்குப் பொட்டு வைப்பது அவள் வழக்கமில்லை. கடைசியில், கடைப் பரணில் கிடந்த ஒரு பழைய டோக்கன் எண் காட்டும் மெஷினிலிருந்து அதே ரகப் பிராசசரைப் பிடுங்கி வந்தும் போட்டுப் பார்த்தாள். அதற்கும் மசியவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சிப்பும் தங்கம். சேர்ந்து உட்கார்ந்தால் பேச மாட்டேன் என்றன.

போர்டும் தாங்கக்கூடிய நிலையில் இல்லை. இன்னும் ஒரு சுற்றுச் சூடு வைத்தால் செம்புக் கோடுகள் தோலோடு உரிந்து வந்துவிடும். இதையெல்லாம் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் படிக்கட்டில் ஒத்திகை.

கதவைத் திறந்த அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. மேஜையைத் துடைத்து, அவளுக்காகத் துணியை நாலாக மடித்து விரித்திருந்தார். அதன்மேல் போர்டு மல்லாந்து கிடந்தது. அக்கா சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஒரு தடவை பார்த்துடறேன் அத்தான்" என்றாள் கேரண்டி. கடைசியா என்ற சொல் அவளை மீறி வந்துவிட்டது. அத்தான் முகம் வாடியது.

சுவிட்ச் சுவரோரம், மேஜைக்குப் பின்னால். எழுந்து சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, மேஜை மேலேயே குனிந்து கையை நீட்டி அதை அணைத்துப் போட்டாள். முழங்கை போர்டின் ஓரத்தை அமுக்கியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். டி.வி. அதே சாம்பல்.

"இப்ப என்ன பண்ணினே?" சமையலறையிலிருந்து அக்காவின் குரல்.

"ஒண்ணும் பண்ணலையே. சுவிட்சைப் போட்டேன்."

"இல்ல, வேற ஏதோ பண்ணினே. டிக்குன்னு சத்தம் வந்துச்சு." அக்கா டம்ளரோடு சுவரைத் தொட்டபடியே வேகமாக வந்தாள். காபி பாதி வழியிலேயே சிந்தியது. "அது முழிச்சுக்கும்போது போடுற சத்தம்டி. பதினாலு வருஷமா தினம் அதைக் கேட்டுத்தான் எனக்குப் பொழுதே விடியுது."

கேரண்டிக்கு எதுவும் கேட்கவில்லை. அத்தானும் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் அக்கா சொல்லும் எந்த விஷயத்தை மறுத்தாலும் அவள் காதை மட்டும் அந்தக் குடும்பத்தில் யாரும் மறுத்ததில்லை.

"பண்ணினதையே அப்படியே திரும்பப் பண்ணு" என்றாள் அக்கா.

கேரண்டி மறுபடி குனிந்தாள், முழங்கை படும்படி. ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளி அமுக்கிக்கொண்டு மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

"அதோ!" என்று அக்கா கத்தினாள்.

கேரண்டியின் மண்டைக்குள் பதினொரு நாள் அடைத்திருந்த ஏதோ ஒன்று திறந்துகொண்டது. சிப் எதுவும் சாகவில்லை. எங்கோ ஒரே ஒரு இணைப்பு தொட்டும் தொடாமலும் நிற்கிறது. போர்டு வளையும்போது தொடுகிறது, விட்டால் விலகிவிடுகிறது. இது திருடனைப் பிடிக்கிற வேலை, இனி விட மாட்டேன் என்று பையிலிருந்து ரப்பர் வைத்த பென்சிலை எடுத்தாள்.

மூன்று பேருக்கும் வேலை வந்தது. அத்தான் சுவிட்ச் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கேரண்டி பென்சிலின் ரப்பர் முனையால் ஓர் இடத்தை அமுக்குவாள். அத்தான் அணைத்துப் போடுவார். அக்கா ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வாள்.

"இல்ல."

அடுத்த இடம்.

"இல்ல."

நாற்பது இடம், ஐம்பது இடம் ஆயிற்று. அக்காவின் கழுத்து வலித்திருக்கும், அவள் அசையவில்லை. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை கேரண்டி வயல் உழுவதுபோல வரிசை பிடித்து வந்து முடித்தாள்.

"எல்லா இடமும் பார்த்துட்டியா?" என்றாள் அக்கா.

"பார்த்துட்டேன்க்கா. எல்லாமே பார்த்தாச்சு."

அத்தான் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

அக்கா முகத்தைத் திருப்பினாள். "என்னவாம்?"

மறுபடி இரண்டு தட்டு. அத்தானின் விரல் போர்டின் ஒரு மூலையை நோக்கி நீண்டிருந்தது. அங்கே பிராசசருக்குப் பக்கத்தில், வரிசையாக ஐந்து சிவப்புப் பொட்டு. ஏழு வருடத்துக்கு முன் ஒரு சண்டையில் அக்காவின் கை பட்டு ஒரு டம்ளர் காபி முழுக்கக் கீபோர்டுக்குள் போனது. அரித்துப்போன ஐந்து செம்புக் கோடுகளுக்குப் பதிலாக ஐந்து மெல்லிய ஒயர் வைத்து அன்று பெட்டியைப் பேச வைத்தவள் கேரண்டி.

"அத்தான், அது என் வேலை" என்றாள்.

இரண்டு தட்டு.

"அதுல கோளாறு இருக்காது அத்தான். நான் பொட்டு வச்ச இடம்."

இரண்டு தட்டு. இந்தத் தடவை டம்ளர் அதிர்ந்தது.

"அவர் சொல்றதைக் கேளேன்டி" என்றாள் அக்கா. "பதினொரு நாள்ல இன்னிக்குத்தான் மனுஷன் எனக்குப் புரியற மாதிரி பேசியிருக்காரு."

கேரண்டிக்குக் கோபம் வந்தது. அத்தான் மேல் வந்த கோபம் அல்ல என்பது அவளுக்கே தெரிந்தாலும், வந்தது வந்ததுதான். உதட்டைக் கடித்துக்கொண்டு முதல் பொட்டை அமுக்கினாள். அத்தான் சுவிட்சைப் போட்டார். இல்லை. இரண்டாவது, இல்லை. "பார்த்தீங்களா" என்று தொடங்கிய வார்த்தையை மூன்றாவது பொட்டு வரை நீட்டினாள். நாலாவதை அமுக்கினாள்.

டிக்.

இந்த முறை அவளுக்கே கேட்டது. டி.வி.யில் வெள்ளையாக ஒரு வரி மின்னிப் பாய்ந்தது. பென்சிலை எடுத்ததும் மறைந்தது.

கேரண்டிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, பிளேடு முனையால் அந்தப் பொட்டைச் சுரண்டினாள். பாலிஷ் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அடியில் செம்பு இல்லை. பச்சைப் பாசிபோல ஒரு பொடிதான் இருந்தது. ஒயரின் முனையைத் தொட்டதும் பொடி உதிர்ந்து மேஜைத் துணியில் விழுந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காபி என்றால் வெறும் காபியா? அதில் சர்க்கரை. அன்று கடையில் ஆள் காத்திருந்ததால் ஸ்பிரிட்டால் ஒரு துடை துடைத்துவிட்டு, முழுக்கக் கழுவாமலேயே ஈயம் வைத்தாள். அதன் மேல் பொட்டும் வைத்தாள். வெளி ஈரத்தை உள்ளே விடாத பொட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட ஈரத்தையும் வெளியே விடவில்லை. ஏழு வருடம் பொத்திப் பாதுகாத்து அழுகவைத்திருக்கிறது. யாரும் பார்க்கக்கூடாது என்று முத்திரை வேறு குத்தி வைத்திருக்கிறாள். நல்ல சிப் எட்டைப் பிடுங்கி எறிந்தது, நூற்றிருபத்தெட்டுக் கால், எல்லாம் இந்த ஒரு பொட்டைத் தாண்டிப் போனதற்கு.

"என்னடி, பேச்சையே காணோம்?" என்றாள் அக்கா.

"கண்டுபிடிச்சாச்சுக்கா" என்றாள் கேரண்டி. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "இருங்க, முதல்ல முடிச்சுடறேன்."

மீதி நாலு பொட்டையும் சுரண்டினாள். இரண்டில் பச்சை, இரண்டு சுத்தம். சுத்தமானதையும் நம்பவில்லை, ஐந்தையும் எடுத்துவிட்டாள். அத்தான் டார்ச் பிடித்தார். பல் துலக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்து, இடுக்கு விடாமல் தேய்த்துக் கழுவினாள். துணி பச்சையானது, மறுபடி கழுவினாள், துணி வெள்ளையாகவே வரும் வரைக்கும் கழுவினாள். பழைய செம்புக் கோடுகளை நம்பி இனிப் பயனில்லை. சிப்பின் காலிலிருந்து சாக்கெட்டின் காலுக்கு நேராகவே தலைமுடி மாதிரி ஒயரை இழுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு ஈயத்தை ஒரு நொடி மட்டும் தொட வைத்து எடுத்தாள். ஒவ்வொரு ஒயருக்கும் மல்டிமீட்டர் முனைகளை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தாள். இணைப்பு சரியாக இருந்தால் அது பீப் என்று கத்தும்.

"ஒண்ணு" என்றாள் அக்கா, பீப் கேட்டதும். அவளை யாரும் எண்ணச் சொல்லவில்லை. "ரெண்டு."

ஐந்தாவதுக்குக் கத்தவில்லை. அக்காவின் வாய் "அஞ்சு" என்பதற்காகத் திறந்தபடியே நின்றது. கேரண்டி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஈயம் காலில் ஒட்டாமல் பக்கத்தில் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பீப்.

"அஞ்சு!" அக்கா கையையே தட்டிவிட்டாள்.

அத்தான் கேரண்டியின் பையிலிருந்து நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து நீட்டினார். அவர் முகத்தில் குறும்பு இருந்ததா என்று கேரண்டி உற்றுப் பார்த்தாள். இருந்தது.

"வேண்டாம் அத்தான். திறந்தே இருக்கட்டும். கெட்டுப்போனா கண்ணுக்குத் தெரியட்டும்."

சுவிட்ச் போட்டார்கள். டிக். இப்போது யாரும் அமுக்கிக்கொண்டிருக்கவில்லை. டி.வி. திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன, கீழே சின்னச் சதுரம் ஒன்று கண் சிமிட்டியது. கேரண்டி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். அத்தான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். "வந்துடுச்சா? சொல்லித் தொலைங்களேன்!" என்று அக்கா இரண்டு பேரையும் அடிக்கக் கையை ஓங்கினாள். கேரண்டி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வந்துடுச்சுக்கா, வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று மூன்று முறை சொன்னாள்.

ஆனால் முழித்தது கம்ப்யூட்டர்தான். குரல் இன்னும் கேசட்டில் இருந்தது. அத்தான் கேசட்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கினார். கீச்சென்று ஓர் ஓலம் கிளம்பியது. புரோகிராம் முழுக்க ஏற ஆறு நிமிடம். நடுவில் ஒரு துளி பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து.

ஆறு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கேரண்டியால் முடியவில்லை.

"அக்கா, இது என் தப்பு" என்று ஆரம்பித்தாள். "அன்னிக்கு நான் சரியாக் கழுவாமலே பொட்டு வச்சுட்டேன். அதுதான் உள்ளயே அரிச்சிருக்கு. பதினொரு நாளா நான் என் வேலையைத் தவிர மத்த எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். நீ பேச ஆளில்லாம உட்கார்ந்திருந்தது என்னாலதான்..."

"ஷ்! சத்தம் போடாதே." அக்கா கையை உயர்த்தினாள். காது கேசட்டின் கீச்சொலியிலேயே இருந்தது. "இப்பத்தான் ரெண்டாவது பாகம் போகுது. இதுலதான் சில சமயம் இடறும்."

"நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன்க்கா!"

"காபியைக் கொட்டினவளே நான்தான். அப்ப நான் யார்கிட்டப் போய் மன்னிப்புக் கேக்குறது? கொஞ்சம் சும்மா இரு."

அத்தான் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத அவர் சிரிப்பை அக்கா எப்படித்தான் கண்டுபிடிப்பாளோ, "நீங்களும் சிரிக்காதீங்க, நாற்காலி ஆடுது" என்றாள். கேரண்டிக்கு மனசு லேசாகிவிட்டது. நாளைக்குக் கடையில், தன் பொட்டு வைத்து வந்து நிற்கும் எந்தப் பெட்டியானாலும் முதலில் பொட்டைத்தான் சுரண்டிப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

கீச்சொலி நின்றது. அத்தான் கீபோர்டின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா எதிரே உட்கார்ந்தாள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அதைக் கேரண்டி இதற்கு முன் பார்த்ததில்லை. அவர் விரல்கள் ஓடின.

"முதல் நாள்" என்றது பெட்டி, தகர டப்பாவுக்குள் இருந்து. அக்கா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "முதல் நாள் சாயங்காலம் கேட்டே, கதவைத் தட்டினது யாருன்னு. கொரியர் ஆள். வீடு மாறி வந்துட்டான்."

கேரண்டிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. ஒரு தட்டிலும் இரண்டு தட்டிலும் அடங்காத கேள்விகள். அக்கா கேட்டதையெல்லாம் மனிதர் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறார்.

"ரெண்டாம் நாள் கேட்டே, சத்தம் மளையா, குளாயான்னு. குளாய். வாஷர் மாத்தணும்."

"அதை நானே கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள் அக்கா பொத்திய கைக்குள்ளிருந்து.

"நாலாம் நாள் வெளிய கிளம்பும்போது கேட்டே, போட்டிருக்கிற டிரஸ் என்ன கலர்னு. மேல ஊதா. கீள கிளிப்பச்சை. பொருந்தவே இல்லை."

"ஐயையோ! அதோடவா பேங்க்குக்குப் போயிட்டு வந்தேன்? வரிசையில அவ்வளவு பேர் நின்னாங்களே! கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்ல?"

"பிடிச்சேன். ஆசையாப் பிடிக்கிறேன்னு நினைச்சுட்டே."

கேரண்டி மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்து முடித்து நிமிர்ந்தபோது அத்தான் நோட்டை மூடி வைத்திருந்தார். இப்போது அவர் விரல்கள் மெதுவாகப் போயின.

"ஏளாம் நாள் படுக்கையில கேட்டே, என்ன யோசிக்கிறீங்கன்னு." அத்தான் ஒரு எழுத்தை அழித்துவிட்டு மறுபடி தட்டினார். "இது சரியாகாமப் போனா, நீயும் பேசுறதை நிறுத்திடுவியோன்னு யோசிச்சேன். மறுநாள் நிறுத்திட்டே. உன் சத்தம் இல்லாத வீட்டுல எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியலை."

அக்கா வாயிலிருந்து கையை எடுத்தாள். மேஜை மேல் தடவி, கீபோர்டைத் தாண்டி, அவர் மணிக்கட்டைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எதுக்கு நிறுத்தினேன்னு நினைச்சீங்க?" என்றாள். "அன்னிக்கு நான் கேட்டதும் நீங்க கட்டில் ஓரத்து மேஜையைத் தேடிக் கையை நீட்டி, தட்டவும் முடியாம, கையை எடுக்கவும் தெரியாம தவிச்சது எனக்குக் கேட்டுச்சுங்க. நான் கேக்கறதாலதானே இந்தத் தவிப்புன்னு இருந்துச்சு. அதான், கேக்குறதே இல்லைன்னு வாயை மூடிக்கிட்டேன். நாலு நாள் எப்படி மூடினேன்னு எனக்குத்தான் தெரியும்."

அத்தானின் ஒரு கை அவள் பிடியில் இருந்தது. மற்றொரு கையால் ஒற்றை விரலில் தட்டினார்.

"நாலு நாள் கேள்வி பாக்கி. கேளு. ஒவ்வொண்ணாக் கேளு."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள், நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்தாள், அவர் கையை விட்டுவிட்டு மூச்சு விடாமல் கேட்கத் தொடங்கினாள்.